காணாமல் போன வாத்துக்கு நாற்பது வயது

எங்கள் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில், இடது கீழ் மூலையில் ஒரு பெட்டி வரும். 'நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்' என்று அதற்குத் தலைப்பு. அதன் கீழே, அந்தத் தேதியின் பழைய இதழிலிருந்து மூன்று தலைப்புச் செய்திகள். பத்து வருடமாக அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு நான்தான். அடையாள அட்டையில் துணை ஆசிரியர் என்று போட்டிருக்கும். அலுவலகத்தில் என்னைப் பெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராகவே.

வேலை சுலபமானது. கீழ்த்தளத்துக் கோப்பு அறையைத் திறக்க வேண்டும். மாதம் மாதமாகத் தைத்து அட்டை போட்ட பழைய இதழ்களில் அன்றைய தேதியைப் புரட்டி, மூன்று தலைப்பை எழுதிக்கொண்டு, தும்மிக்கொண்டே மாடிக்கு வர வேண்டும். அறையின் சாவியும் என்னிடம்தான். வேறு யாருக்கும் அந்தச் சாவி தேவைப்பட்டதே இல்லை.

அந்த அறையின் கூரையை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. அது கசிந்தது. கசிவைப் பற்றி நிர்வாகத்துக்குப் புகார் எழுத வேண்டியவள் சாவி வைத்திருப்பவள். எழுதினேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நல்ல தமிழில் எழுதினேன். கொடுக்கத்தான் மறந்துவிட்டேன். ஒன்றரை வருடமாக அது என் மேசை இழுப்பறையில், ஸ்டேப்ளருக்கு அடியில், ஒரு சுருக்கம்கூட விழாமல் பத்திரமாக இருந்தது.

வருடம் பிறந்தால் பெட்டியும் ஒரு வருடம் முன்னால் நகரும். இந்த ஆண்டின் முதல் வேலை நாளில் நான் எடுக்க வேண்டிய தொகுதிகள் சரியாக அந்தக் குழாய்க்கு நேர் கீழே இருந்தன. ஜனவரியைப் பிடித்து இழுத்தேன். பிப்ரவரியும் கூடவே வந்தது. மார்ச் கையில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு மாதமும் சேர்ந்து ஒரே கூழ்.

அன்று காலைக் கூட்டத்தில்தான் ஆசிரியர் சொல்லியிருந்தார். "பக்கத்தைக் குறைக்கிறோம். ஆளையும் குறைக்க வேண்டியிருக்கும். வாசகர் கடிதம் வர்றது ரெண்டுக்குத்தான். ஒண்ணு குறுக்கெழுத்து, இன்னொண்ணு உன் பெட்டி. பெட்டி இருக்கிற வரைக்கும் உன் நாற்காலி இருக்கும்மா." பாராட்டா மிரட்டலா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

நகர நூலகத்துக்குப் போன் செய்தேன். "பழைய பேப்பரா? அது வேணும்னா நாங்க உங்க ஆபீசைத்தான் கேட்போம்" என்றார்கள்.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். இதே நாளிதழில் முப்பத்தோரு வருடம் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். அச்சுக்குப் போகும் முன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை பிடிக்கும் வேலை. படித்தது ஒன்றும் அவருக்கு மறக்காது. ஊரில் அவருக்குப் பெயரே 'காலண்டர்'தான். சலூனில் யாராவது, "பெரிய மழை பெய்ஞ்சது எந்த வருஷம்..." என்று இழுத்தால், "இதோ காலண்டர் வர்றாரே, கேளு" என்பார்கள். அப்பா வருடம், தேதி, கிழமை சொல்லிவிட்டு, அந்தச் செய்திக்குப் பக்கத்தில் எந்தப் பல்பொடி விளம்பரம் வந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஓய்வு பெற்ற மனிதருக்கு ஊர் கொடுத்திருந்த ஒரே உத்தியோகம் அது. தினமும் காலை பத்து மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த உத்தியோகத்துக்குப் போய்வருவார்.

அப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் எழுத்தெழுத்தாகப் படித்த ஒரு வருடத்தை நான் ஊறவைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து, நானே மூன்று தலைப்புகளைக் கட்டினேன். 'வீட்டு வரி செலுத்தக் கடைசித் தேதி நீட்டிப்பு', 'பாலத்தில் லாரி பழுது', 'இரண்டு நாட்களுக்குக் குடிநீர் வராது.' எந்த வருடம் எந்த ஊரில் போட்டாலும் உண்மையாக இருக்கக்கூடிய செய்திகள். மறுநாள் அப்பாகூடப் படித்துவிட்டுத் தலையாட்டினார். எங்கள் பாலத்தில் லாரி நிற்காத வாரம் எது?

மூன்று வாரம் இப்படியே நல்ல பிள்ளையாக இருந்தேன். பிறகு எனக்கே சலித்துவிட்டது. கயிறு திரிப்பது என்று ஆன பிறகு வீட்டு வரிக் கயிற்றையா திரிக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி எழுதினேன்: 'நகராட்சிப் பூங்கா வாத்து மாயம், காவல்துறை விசாரணை.'

மறுநாள் பதினான்கு கடிதம் வந்தது. பிறகு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஆசிரியர் கடிதங்களை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். "வாத்தை விட்டுடாத. பழைய பேப்பர்ல தேடிப் பாரு, தொடர்ச்சி இருக்கும்" என்றார்.

தேடினேன், என் மண்டைக்குள். இரண்டு நாள் கழித்து, 'வாத்தைக் கண்டதாக மூவர் சாட்சி. மூவர் சொன்னதும் வெவ்வேறு வாத்து.' அடுத்த வாரம், 'வாத்து விவகாரம்: பூங்காக் காவலாளி விடுப்பில் சென்றார்.' எழுத எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. வாத்துக்கு நடுவே மற்றதையும் தூவினேன். 'மணிக்கூண்டுக் கடிகாரம் பதினேழு நிமிடம் முந்தியது. ரயிலைத் தவறவிட ஆளில்லை.' 'கடைத்தெருத் தபால் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டது; ஒரு வாரத்துக்குக் கடிதம் எடுக்கப்படாது.'

சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஊர் மடித்து வைக்கவில்லை. ஞாபகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது.

முதலில் ஞாபகம் வந்தது சலூன்காரருக்கு. அந்த வாத்துக்குத் தான் சின்ன வயதில் கடலை போட்டதாகச் சொன்னார். அது இடது காலைச் சாய்த்து நடக்குமாம். அடுத்த நாள் அவர் கடையில் முடி வெட்டிக்கொண்ட ஆறு பேருக்கும் இடது கால் ஞாபகம் வந்துவிட்டது. கத்திரி கையில் இருப்பவரை எதிர்த்து யாருக்கு வேறு காலை நினைத்துப் பார்க்கத் துணிவு வரும்?

எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு அந்தப் பூனை பெரிய உபகாரம் செய்தது. கல்யாணத்துக்கு முன் அவர் மனைவி எழுதிய ஒரு கடிதத்துக்கு அவர் பதில் போடவே இல்லை. நாற்பது வருடமாக மாதம் ஒரு முறையாவது அந்த அம்மாள் அதைச் சொல்லிக் காட்டுவார், எங்கள் வீட்டுச் சமையலறைவரை கேட்கும். பூனைச் செய்தி வந்த அன்று காலை அவர் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றார். "நான் பதில் போட்டேன். அந்தப் பெட்டியிலதான் போட்டேன். இத்தனை வருஷமா சொன்னா நம்பமாட்டேன்னுதான் சொல்லல" என்றார். அன்று அவர்கள் வீட்டில் பாயசம் மாதிரி ஏதோ இனிப்பு செய்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. என் பங்கை நான் அம்மா பக்கம் தள்ளிவிட்டேன்.

காவல் நிலையத்துக்கு நாலு பேர் மனுவோடு போனார்கள். வாத்து வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொன்னால் தன் நிலையத்துக்குத்தான் கேவலம் என்று நினைத்தார் போல. "விசாரணை நடந்துகிட்டிருக்கு" என்றார். நாற்பது வருடமாகவா என்று கேட்டதற்கு, "வாத்து இல்லீங்களா, மெதுவாத்தான் போகும்" என்றாராம். பெரிய ஹோட்டல்காரர் எங்கள் பேப்பரிலேயே விளம்பரம் கொடுத்தார்: 'எங்கள் தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் சமையலறையில் வாத்து சமைத்தது கிடையாது.' அதுவரை அவரை யாரும் சந்தேகப்படவில்லை. விளம்பரம் வந்த பிறகு எல்லோரும் சந்தேகப்பட்டார்கள்.

இதில் அகப்பட்டுக்கொண்டவர் அப்பா.

வாத்து வந்த அன்றைக்கே சலூனில் அவர் சொன்னார். "அந்த வருஷம் பூங்காவில குளமே கிடையாது. குளம் வெட்டினது அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு, ஜூன் ஒன்பது, வியாழக்கிழமை. குளம் இல்லாம வாத்து எங்க இருந்துச்சு?"

சலூன்காரர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "நான் கடலை போட்டிருக்கேன் அண்ணே. உங்க பொண்ணுதான உங்க பேப்பர்லேர்ந்தே எடுத்துப் போட்டிருக்கு. மறந்திருப்பீங்க. வயசு ஆகுதில்ல."

வயதாகிறது என்று அப்பாவிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. முட்டி வலிக்குச் சொல்லியிருக்கிறார்கள், ஞாபகத்துக்குச் சொன்னதில்லை. அடுத்தது கடிகாரம், அதற்கடுத்தது பூனை. ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றார். ஒவ்வொரு முறையும் கடையில் ஏழெட்டுப் பேர் ஆமாம் என்றார்கள். ஒரு நாள் அவர் உள்ளே நுழையும்போது, "காலண்டர்ல ஒரு வருஷம் கிழிஞ்சிருச்சுடா" என்று எவனோ சொல்ல, கடையே சிரித்ததாம். எனக்கு அதைச் சொன்னவர் தையல்காரர். அவரும் சிரித்திருப்பார்.

மறுநாள் பத்து மணிக்கு அப்பா சட்டை மாற்றவில்லை. பனியனோடு ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. எட்டிப் பார்த்தேன். அம்மாவின் பிறந்த நாள், என் பிறந்த நாள், வீட்டு இலக்கம் எல்லாம் எழுதி வைத்திருந்தார். இதையெல்லாம் எதற்கு எழுதி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "இருக்கட்டும்மா. இருக்கிறதாவது போகாம இருக்கட்டும்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆசிரியர் அன்று காலைதான் ஆள் குறைப்புப் பட்டியலை ஒட்டியிருந்தார், குறுக்கெழுத்துக்காரர் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. வார்த்தையை மென்று விழுங்கினேன். சரியாகச் சொன்னால், நான் ஒரு கோழை. நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள அப்பாவின் தலையில் கை வைத்தவள்.

"அந்த வருஷத் தொகுதியைக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியுமா? ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்று மட்டும் அவர் ஒரு நாள் கேட்டார். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று பூசி மெழுகினேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மகள் சொன்னதையும் அச்சில் வந்ததையும் சந்தேகப்படத் தெரியாத மனிதர். மிச்சம் சந்தேகப்படுவதற்கு அவருக்குத் தன் தலை மட்டும்தான் இருந்தது.

அம்மா அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். டாக்டர் இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, டாக்டர் இந்த கிளினிக்கைத் திறந்தது ஒரு புதன்கிழமை என்றும், அன்று கொடுத்த விளம்பரத்தில் போன் நம்பரில் ஒரு இலக்கம் தப்பாக இருந்ததைத் தான்தான் பிடித்ததாகவும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஞாபகத்துக்கு ஒண்ணும் இல்லையே. பின்ன எதை மறந்தீங்க?"

"வாத்தை" என்றார் அப்பா.

டாக்டர் முகம் மாறியது. "அதையா மறந்தீங்க? எனக்கே ஞாபகம் இருக்கே. எட்டு வயசு எனக்கு. அன்னைக்கு அழுதுகிட்டே தூங்கினேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "குறிப்பிட்ட ஒரு வருஷம் மட்டும் போயிருக்கு. அபூர்வமான கேஸ். பார்த்துக்குங்க."

அவரையும் அவருடைய எட்டு வயதையும் அங்கேயே இரண்டு போடு போடலாமா என்று இருந்தது எனக்கு. அம்மா வழியெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சாலையில் ஒரு வண்டிகூட இல்லை.

இதற்குள் நகரசபை கூடி, பூங்காவில் வாத்துக்குச் சிலை வைப்பது என்று முடிவெடுத்துவிட்டது. ஒரு மனதான தீர்மானம். சிற்பி படம் கேட்டார். படம் இல்லாததால் நேரில் பார்த்த பன்னிரண்டு பேரை வரவழைத்து அடையாளம் சொல்ல வைத்தார்கள். ஆளுக்கொரு அங்கம் சொன்னார்கள். அந்தச் சிற்பி அதுவரை வாசல்களுக்குச் சிங்கம் மட்டுமே செய்து பழகியவர். சாக்கால் மூடிக் கொண்டுவந்து நிறுத்தியபோதே, வாத்துக்கு மார்பு அவ்வளவு அகலமா என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

நான் மட்டும் அடங்கினேனா? பெட்டியை நிறுத்தினால் சந்தேகம் வருமே. நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தேன். ஜூலை மாதம் ஒரு வாரம், 'நகரசபைத் தலைவரின் தொப்பி காற்றில் பறந்தது. எதிர்த்தரப்பு வெளிநடப்பு' என்று எழுதினேன். மறுநாள் 'தொப்பி மீட்பு; வெளிநடப்பு செய்தவர்கள் திரும்ப மறுப்பு.' இப்படி ஒரு வாரத்துக்கு மேல் தொப்பியை ஓட்டினேன்.

சிலை திறப்புக்கு முதல் நாள் மாலை. அம்மா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். பெட்டிகளை எல்லாம் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். தொப்பிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக, வேறு யாரிடமோ பேசுவது போலக் கேட்டார்.

"ஜூலை எட்டிலேர்ந்து பதினெட்டு வரைக்கும், பதினோரு நாள், நாங்க வேலைநிறுத்தம் பண்ணினோம்னு நினைச்சிட்டு இருந்தேன். செய்யாத தப்புக்கு ஒருத்தனை வேலைய விட்டு எடுத்தாங்க. நாங்க கேட் முன்னாடி உட்கார்ந்தோம். பேப்பரே வரல. பன்னண்டாவது நாள் அவனைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க." நோட்டில் ஒட்டியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "இந்தப் பதினோரு நாளும் பேப்பர் வந்திருக்கே. தொப்பி எல்லாம் வந்திருக்கே. அப்போ நாங்க உட்காரலையா?"

அந்த வேலைநிறுத்தக் கதை எனக்குத் தெரியும். அப்பா தன் வாழ்க்கையில் குரல் உயர்த்திய ஒரே இடம் அது. சின்ன வயதில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எந்த வருடம், எந்த மாதம் என்று மட்டும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்காமலேயே அந்தப் பதினோரு நாளையும் எடுத்து ஒரு தொப்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

"அப்பா" என்றேன்.

"விடும்மா. நாளைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. அந்த வருஷம் பேப்பர்ல வேலை பார்த்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சமாம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு நானே சொல்லிடறேன். யாரும் இனிமே வந்து கேட்க வேண்டாம்." அம்மா துணியோடு உள்ளே வந்தாள். அவர் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை பூங்காவில் நல்ல கூட்டம். நாற்காலிகள் முழுக்க நிறைந்து, மிச்சப் பேர் புல்லில் நின்றார்கள். முன்வரிசையில் டாக்டர், இன்ஸ்பெக்டர், சலூன்காரர், ஹோட்டல்காரர். அவர்களுக்குப் பின்னால் தையல்காரரும் மனைவியும், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போல ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆசிரியர் மேடையில். நகரசபைத் தலைவர் கயிற்றை இழுத்தார். சாக்கு விழுந்தது. அலகும் சிறகும் சரியாகத்தான் இருந்தன. கழுத்தைச் சுற்றி மட்டும் லேசாகப் பிடரிமயிர் இருந்தது. "அதே மாதிரி இருக்கு" என்றார் சலூன்காரர். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். பல நாள் கழித்துச் சலவைச் சட்டை போட்டிருந்தார். மேடைப் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஆறு மாதத்துக்கு முன்வரை அவர் எந்தப் படியிலும் கைப்பிடியைப் பிடித்ததில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் வணக்கம். நான் ஒண்ணு ஒத்துக்கணும்" என்று தொடங்கினார்.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது. மைக் என் கையில் இருந்தது.

"அப்பா ஒண்ணும் ஒத்துக்க வேண்டாம். ஒத்துக்க வேண்டியவ நான்" என்றேன். குழாய், கசிவு, இழுப்பறை, கூழ் எல்லாவற்றையும் சொன்னேன். "வாத்து கிடையாது. கடிகாரம் கிடையாது, பூனை கிடையாது, தொப்பி கிடையாது. எல்லாம் நான் உட்கார்ந்து எழுதினது. அப்பா சொன்னது ஒவ்வொண்ணும் சரி. அப்போ இங்க குளமே இல்ல. ஜூலைல பதினோரு நாள் பேப்பரே வரல. அவங்க கேட்டுல உட்கார்ந்திருந்தாங்க."

சொல்லி முடித்ததும் கல்லெறி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. ஊர் என்னைப் பாசமாகப் பார்த்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

நகரசபைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாவுக்கு மறதின்னு நாலு பேர் சொல்லிடக் கூடாதுன்னு, பழியைத் தன் மேல போட்டுக்குது பாருங்க. பிள்ளைன்னா இப்படி இருக்கணும்." கூட்டம் மறுபடி கைதட்டியது.

"சத்தியமா சொல்றேன், வாத்தே இல்லைங்க" என்றேன்.

"நான் கடலை போட்ட கை இதும்மா" என்று சலூன்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். டாக்டர், தான் அழுத தலையணையைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, விசாரணை நிலுவையில் இருக்கும் விஷயத்தைப் பொது மேடையில் பேசக் கூடாது என்று என்னை எச்சரித்தார். ஹோட்டல்காரர் மட்டும், "அது இல்லன்னா ரொம்ப நல்லது" என்று நம்பிக்கையில்லாமல் சொல்லிப் பார்த்தார். உட்கார் என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

எல்லோரையும்விடக் கொதித்தவர் தையல்காரர். "வாத்து எப்படியோ போகட்டும். பூனையும் இல்லைங்கிறியா? யோசிச்சுப் பேசும்மா. குடும்பம் நடத்துறவங்க இருக்காங்க" என்றார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் என்னை உடனே நம்பியவர் அவர்தான். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஆசிரியர் என் காதருகில் குனிந்தார். கோபமாக ஏதோ சொல்லப் போகிறார், வேலை போயிற்று என்றே நினைத்தேன். "பிரமாதமான மேட்டர். நாளைக்கு முதல் பக்கம். 'வாத்து இல்லை என்கிறார் துணை ஆசிரியர், பொதுமக்கள் கொதிப்பு.' நீயே எழுதிடு" என்றார். அந்த மனிதருக்கு உண்மையைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் சிலையிடம் சொல்லலாம். அது குறுக்கே பேசாது.

நான் அப்பாவைத் தேடினேன். மேடையில் இல்லை. படியிறங்கிக் கீழே நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா. நான் கீழே போனதும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பைண்டிங்குக்குப் போகலையா?"

"போகலைப்பா. கூழாயிடுச்சு."

"ஜனவரியிலேர்ந்து டிசம்பர் வரைக்குமா?"

"ஆமாம்ப்பா."

அவர் பூங்கா வாசலைப் பார்த்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். வாசலுக்கு வெளியே, நடைபாதையில், திடீரென்று நின்று திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அப்பா என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, பல வருடத்துக்கான கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தார் போலும்.

"உன்னை எதுல நம்பினது நான்? நாலாம் வகுப்புல, ஆகஸ்ட் இருபத்திரண்டு, திங்கட்கிழமை, ரிப்போர்ட் கார்டுல என் கையெழுத்தை நீயே போட்ட. அன்னைக்கே ரெண்டு வெச்சிருக்கணும். பத்தாவது படிக்கும்போது, நவம்பர் மூணு, வெள்ளிக்கிழமை, டியூஷன்னு சொல்லிட்டு எங்க போன? உன் அத்தை கல்யாண நாள், மார்ச் பதினாலு, அந்தப் பீங்கான் ஜாடியை உடைச்சிட்டுக் காத்து தள்ளிருச்சுன்ன. ஜன்னல் சாத்தியிருந்துச்சு. நான் பார்த்தேன்."

"விடுங்களேன், ரோட்டுல வெச்சு" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சும்மா இரு. இவளுக்குச் செல்லம் கொடுத்தது நீதான். எப்ப எப்பன்னு சொல்லவா?"

சொன்னார். பூங்காவிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே இருபத்தைந்து நிமிடம். அத்தனை நிமிடமும் தெருவே வேடிக்கை பார்க்க, என்னை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன். எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தேழு குற்றம். ஒரு தேதிகூடப் பிசகவில்லை.